சொல்லும் பொருளும்: 'ரொமேனியன்'

'ரொமேனியன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ருமேனியா நாட்டுக்குரிய' என்பது பொருள். அந்நாட்டவரையும் அவர்களது மொழியையும் கூட அதே சொல் குறிக்கும்.

'ஷீ இஸ் எ ரொமேனியன்' என்றால், அவள் ருமேனியப் பெண். 'ஷீ ஸ்பீக்ஸ் ரொமேனியன்' என்றால், அவள் ருமேனிய மொழி பேசுகிறாள். ஆளைக் குறிக்கையில் முன்னால் வரும் 'எ', மொழியைக் குறிக்கையில் வராது. வாக்கியத்தில் எங்கு வந்தாலும் முதலெழுத்துப் பெரிய எழுத்தாகவே இருக்க வேண்டும்.

முன்னர் 'ஆர்' எழுத்தை அடுத்து 'யூ' இட்டும் இச்சொல்லை எழுதினர். இன்று 'ஓ' இடுவதே வழக்கு. ரோமரைக் குறித்த லத்தீன் சொல்லே இதன் வேர். ருமேனிய மொழியும் லத்தீன் வழி வந்ததே.

இதனோடு பலர் குழப்பிக்கொள்ளும் சொல் 'ரோமனி'. அது ரோமா என்ற மக்களையும் அவர்களது மொழியையும் குறிக்கும். அம்மொழியில் 'ரோம்' என்றால் ஆண்மகன், கணவன். இந்தியாவில் தோன்றிய அம்மொழி, சிங்களத்தையும் ஹிந்தியையும் போல இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

ருமேனியர் எல்லோரும் ரோமா அல்லர். ரோமா எல்லோரும் ருமேனியரும் அல்லர். ருமேனியாவில் பிறந்த ரோமாப் பெண்ணுக்கோ இரு பெயர்களும் பொருந்தும்.

இன்றைய ருமேனியாவின் ஒரு பகுதியான வலாக்கியாவில் 1856ஆம் ஆண்டுவரை ரோமா மக்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தனர். அவ்வளவு துயர் சுமந்த ஒரு சமூகத்துக்கு எஞ்சியிருப்பது அதன் சொந்தப் பெயர். பிள்ளைகளுக்கு இவ்விரு சொற்களையும் பிரித்தே சொல்லிக்கொடுங்கள். பிறரை அவர்களுக்குரிய பெயரால் அழைப்பதும் ஒரு மரியாதைதானே!