தோண்டும் முன் கேமராவை விடுங்கள்

சென்னை வீடுகளின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் குறித்துக் குடியிருப்போர் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், பெருநகர சென்னை மாநகராட்சி, தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை, அடுக்குமாடி கட்டி விற்போர், வீடுகளில் அடைப்பெடுக்கும் ஒப்பந்தக்காரர்கள்.

வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் இந்த ஊரில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலில் மூங்கில் பிளாச்சு வரும். அது போகாவிட்டால் ராடு. ராடும் முட்டிக்கொண்டால் கடப்பாரை. கடப்பாரையை எங்கே இறக்குவது? ராடு எத்தனை முழம் உள்ளே போனது என்று கையால் அளந்து, உத்தேசமாக ஓரிடத்தில் டைல்ஸை உடைப்பார்கள். அங்கே ஒன்றும் இல்லையென்றால் இரண்டடி தள்ளி இன்னொரு குழி. உடைத்த டைல்ஸ் அதே நிறத்தில் இனிமேல் கிடைக்காது என்பது அப்புறம்தான் தெரியவரும். இது வெறும் பணச் செலவு. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: "சேம்பருக்குள்ள கொஞ்சம் இறங்கிப் பாருப்பா" என்று ஒரு மனிதரை அனுப்புவது.

இரண்டையும் தவிர்க்க வழி இருக்கிறது. வளைந்து கொடுக்கும் நீண்ட கம்பியின் நுனியில் கட்டைவிரல் பருமனில் ஒரு கேமரா, அதைச் சுற்றிச் சின்ன எல்.இ.டி. விளக்குகள், வெளியே ஒரு திரை, திரையின் ஓரத்தில் ஓடும் மீட்டர் கணக்கு. கேமராவின் தலைக்குள் 'சோண்ட்' எனப்படும் சிறு அலைபரப்பி இருக்கும். பெரும்பாலும் 512 ஹெர்ட்ஸ். அதன் அலையைத் தரைக்கு மேலே ஒரு லொக்கேட்டர் பிடித்து, பழுது எந்த இடத்துக்கு நேர் கீழே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டிவிடும். சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி போட்டால் போதும். தோண்ட வேண்டியது அந்த இடம் மட்டும்தான்.

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தோம். ஹால் முழுக்கத் தோண்டிக் குழாயை அடியோடு மாற்ற வேண்டும் என்று ஒரு ஒப்பந்தக்காரர் விலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டுக்காரம்மாவின் மருமகன் பிடிவாதமாக வேறோர் ஆளைக் கேமராவோடு வரவழைத்தார். பின்கட்டுச் சேம்பரில் கேமரா இறங்கியது. ஸ்டோன்வேர் குழாயின் இணைப்புகள் இரண்டடிக்கு ஒன்றாகத் திரையில் கடந்து போயின. ஹாலுக்கு அடியில் ஒன்றுக்குக்கூடப் பழுதில்லை. ஆறாவது மீட்டரைத் தாண்டியதும் ஓர் இணைப்பின் மேல்விளிம்பிலிருந்து வேர்கள் ஈரத் தலைமுடி போலத் தொங்கின. அதில் சிக்கியிருந்தது பழைய துணியும் எண்ணெய்ப் பிசுக்கும். மேலே லொக்கேட்டர் நின்ற இடம், காம்பவுண்டுச் சுவரோரம், வேப்பமரத்தடி. கெட்டிருந்தது அந்த ஓர் இணைப்புதான்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: படம் இல்லாமல் கடப்பாரை இறங்கக்கூடாது. வீட்டுக்குள்ளானாலும் தெருவிலானாலும், குழாயை மாற்றவோ சாலையை வெட்டவோ விலை சொல்பவர் அதற்குக் காரணமான காட்சியை முதலில் காட்ட வேண்டும். படம் எடுப்பதிலும் ஒழுங்கு வேண்டும். கழிவுநீர் நிரம்பி நிற்கும் குழாயில் கேமராவை விட்டால் கறுப்புத் தண்ணீரைத்தான் பார்க்கலாம். முதலில் ஜெட் அடித்து அடைப்பை விலக்கி, நீரை வடியவிட்டு, அதன்பிறகே படம். பிறகு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி இன்னொரு முறை பார்க்க வேண்டும். 100 மில்லிமீட்டர் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்பது வழக்கமான வாட்டம். அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் இறக்கம். மண் அமுங்கி எங்காவது குழாய் தொய்ந்திருந்தால் அந்தப் பக்கெட் தண்ணீர் அங்கே குளம் கட்டி நிற்கும். மாதாமாதம் அடைக்கும் வீடுகளில் இந்தத் தொய்வையும் தேட வேண்டும். எத்தனை முறை ராடு விட்டாலும் தொய்வு நிமிராது.

கேமரா வந்துவிட்டால் எல்லாம் நேர்மையாகிவிடும் என்ற மயக்கம் எங்களுக்கு இல்லை. கேமராவை வைத்துக்கொண்டும் ஏமாற்றலாம். வேறு வீட்டுப் படத்தைப் போட்டுக் காட்டலாம். மீட்டர் கணக்கைப் பூஜ்யத்தில் வைக்காமல் ஆரம்பித்து, பழுது எங்கே என்று யாருக்கும் புரியாமல் செய்யலாம். லென்ஸில் பிசுக்கு அப்பியிருக்க, அதையே குழாயின் பழுது என்று சொல்லலாம். நான்கு அங்குலக் குழாயைத் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது நூலளவு கீறலும் பயமுறுத்தும். அந்தப் பயத்தில்தான் வியாபாரம் நடக்கிறது. எனவே பதிவு முழுவதும், வெட்டாமல், மூலக் கோப்பாகவே, காசு கொடுத்த வீட்டுக்காரருக்குச் சொந்தமாக வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கி வரும் அரை நிமிடத் துண்டை நாங்கள் பதிவாக ஏற்க மாட்டோம். படத்தின் தொடக்கத்தில் தேதி, கதவிலக்கம், எந்தச் சேம்பரிலிருந்து எந்தத் திசையில் போகிறது, குழாய் ஸ்டோன்வேரா பி.வி.சி.யா, விட்டம் எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். கேமரா இறங்கும் காட்சியே பதிவின் முதல் காட்சியாக இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். ஒவ்வொரு இணைப்பிலும் நின்று, சுற்றிப் பார்த்து, நகர வேண்டும்.

பழுதைக் கண்டுபிடிப்பவரும் அதைச் சரிசெய்ய விலை சொல்பவரும் ஒரே ஆளாக இருந்தால், வீட்டுக்காரர் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு போய் வேறொருவரிடம் காட்ட உரிமை வேண்டும். அதற்கு மறுப்பவருக்கு உரிமம் கூடாது. வேர் நுழைந்திருந்தால் வெட்டி எடுத்து அந்த இணைப்பை மட்டும் சரிசெய்யலாம். பிசுக்குக்கு ஜெட் போதும். தொய்வுக்கு அந்தத் துண்டை மட்டும் தோண்டி வாட்டம் பார்த்துப் போட வேண்டும். குழாய் நொறுங்கி மண் தெரிந்தால்தான் முழு மாற்றம் பற்றிப் பேச வேண்டும். இன்ன பழுதுக்கு இன்ன வேலை என்று வாரியம் ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு பணிமனையின் வாசலிலும் தமிழில் எழுதி வைக்கட்டும். படம் எடுக்கும் கட்டணமும் அதிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, தினமும் நடக்கும் சண்டை. அடைப்பு உள்ளேயா, வெளியேயா? காம்பவுண்டுக்குள் ஓடுவது எங்கள் குழாய், தெரு நடுவே ஓடுவது வாரியத்தின் குழாய். இரண்டையும் இணைக்கும் அந்தச் சிறு துண்டில் அடைத்துக்கொண்டால் அது யாருடையதும் இல்லை. உள்ளே என்பார் ஒருவர், வெளியே என்பார் மற்றவர். நடுவில் கழிவறையைப் பூட்டி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியது எங்கள் வீட்டுப் பெரியவர்கள். மீட்டர் கணக்கோடு கூடிய பதிவைப் புகாரின் சான்றாக வாரியம் ஏற்க வேண்டும். காட்சியில் பழுது சுவருக்கு வெளியே இருந்தால் மறுபேச்சின்றி வாரியம் சரிசெய்ய வேண்டும். உள்ளே இருந்தால் நாங்கள் செய்துகொள்கிறோம். 1916-இல் புகார் பதியும்போதே காணொளியையும் சேர்க்க வழி செய்யுங்கள். தெருவின் பெரிய குழாய்களுக்குள் சக்கரத்தில் ஓடும் கேமரா எங்கள் நான்கு அங்குலக் குழாய்க்குள் நுழையாது. தள்ளுகம்பிக் கேமரா பணிமனைக்கு ஒன்றாவது தேவை.

இனிச் சொல்வதில் பேரமே கிடையாது. எந்த வீட்டிலும் எந்தக் காரணத்துக்காகவும் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ மனிதர் இறங்கக்கூடாது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் பணிக்குத் தடை விதித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் ஆபத்தான முறையில் மனிதரைக் கொண்டு சுத்தம் செய்விப்பதைத் தடுத்துப் பத்தாண்டுக்கு மேலாகிவிட்டது. அதன் 7ஆம் பிரிவு உள்ளாட்சிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் மட்டுமல்ல, 'எந்த நபருக்கும்' பொருந்தும். ஆள் பிடித்து இறக்கிவிடும் வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 33ஆம் பிரிவோ கழிவுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யத் தகுந்த கருவிகளைப் பயன்படுத்துவது உள்ளாட்சியின் கடமை என்கிறது. கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறுகிறது, இறங்குவது நின்றபாடில்லை. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "வாடையே இல்லையே" என்று நம்பி இறங்குபவர் மயங்கி விழுகிறார். தூக்கப் போனவரும் விழுகிறார். இப்படிச் சாகிறவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்கள் என்பதை இந்தச் சாசனத்தைப் படிக்கும் யாருக்கும் நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை.

'உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க' என்பதுதான் ஒருவரை இறக்குவதற்குச் சொல்லப்படும் முதல் சாக்கு. கேமரா பார்க்கட்டும். அந்தக் கேமராவைப் பிடிக்கும் வேலை இன்றுவரை பிளாச்சு பிடித்தவர்களுக்கே முதலில் போக வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியம் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் கேமரா, லொக்கேட்டர், சிறிய ஜெட் இயந்திரம் மூன்றையும் ஒரே தொகுப்பாக அதில் வாங்க வழி செய்து, பயிற்சியும் கொடுத்து, பணிமனையில் பதிவு பெற்ற ஆய்வாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெருவின் குழாய் எங்கே வளைகிறது என்று அவர்களுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும்.

அடுக்குமாடிகளைப் பொறுத்தவரை, குழாய் புதைத்த உடனே படம் பிடிப்பதுபோல் சுலபமான வேலை வேறில்லை. கட்டுமானக் கழிவும் சிமென்ட் கட்டியும் குழாயில் கிடக்க, மேலே கிரானைட் போட்டு மூடிச் சாவி கொடுத்துவிடுகிறார்கள். பணி நிறைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதே கழிவுநீர்க் குழாயின் காணொளியும், எது எங்கே ஓடுகிறது என்ற வரைபடமும் கட்டாயமாகட்டும். ஒரு பிரதி குடியிருப்போர் சங்கத்துக்கு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் வெளிப்படும் வேலைத்தரக் குறையைக் கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். "நீங்கள் நாப்கின் போட்டதால் அடைத்தது" என்று அவர் தப்பிக்காமலிருக்க அந்த முதல் நாள் படம்தான் ஒரே சாட்சி. 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளில் புதிதாகக் கொடுக்கப்படும் பாதாளச் சாக்கடை இணைப்புகளுக்கும் இதே விதி வேண்டும்: படம் வரட்டும், பிறகு ஒப்பந்தக்காரரின் பில் பாஸாகட்டும்.

பழைய வீடு வாங்குவோர் வில்லங்கம் பார்ப்பதோடு குழாயையும் பார்க்கலாம். அதற்குச் சட்டம் கேட்கவில்லை. விற்பவர் சேம்பர் மூடியைத் திறக்க மறுக்காமலிருந்தால் போதும்.

கேட்பதோடு நிற்கவில்லை, எங்கள் பக்கத்து வேலையையும் எழுதிக் கொடுக்கிறோம். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடைச் சேம்பரில் விட்டிருக்கும் வீடுகள் அதை வடகிழக்குப் பருவமழைக்கு முன் பிரித்துவிடும். ஐப்பசி மழையில் தெருவில் பொங்கும் கழிவுநீரில் எங்கள் பங்கு எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். சிமென்ட் பூசி மூடிய சேம்பர்கள் திறக்கப்படும், மேலே போட்ட டைல்ஸ் போனாலும் சரி. குழாய்த்தடத்தின் மேல் மரம் வைக்க மாட்டோம். இருக்கும் மரத்தை வெட்டவும் மாட்டோம், வேர் புகாத இணைப்புப் போட்டுக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் யாராவது ஒருவரைக் குழிக்குள் இறக்கினால், அந்த வீட்டின்மேல் புகார் கொடுக்கும் முதல் கையெழுத்து எங்கள் சங்கத்துடையதாக இருக்கும்.

இந்தச் சாசனம் கையெழுத்துகளோடு, வரும் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர்ப்புக் கூட்டத்தில் பகுதிப் பொறியாளரிடம் நேரில் கொடுக்கப்படும். கூடவே ஒரு பென்டிரைவும் இருக்கும்: எங்கள் தெருவில் இதுவரை எடுத்த பதிவுகள், வெட்டாதவை, மீட்டர் கணக்கோடு. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டு வேண்டும்.