ஊர்ப் பெயரில் என்ன குறை?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பூக்குழித் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடித்து வந்ததும் கூடவே ஒரு பேச்சும் கிளம்பும். "வெளிநாட்டுக்காரன் பேண்டுக்கு என்னமா யோசித்துப் பேர் வைக்கிறான்! நம்ம ஆட்களுக்கு ஊர்ப் பேர், தலைவர் பேர், கடைசியில் 'குழுவினர்'. இதைத் தாண்டி ஒன்றும் தோன்றாது." இளைஞர்கள் சொல்கிறார்கள், விவரம் தெரிந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். நம் கலைஞர்களைக் கற்பனை இல்லாதவர்கள் என்று முத்திரை குத்தும் இந்தப் பேச்சு தவறு. அதன் ஒவ்வொரு கூற்றுக்கும் பதில் இருக்கிறது.

"ஊர்ப் பெயரை ஒட்டிக்கொள்வது கற்பனை வறட்சி"

இந்தக் கூற்றை ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில் ஆண்டாள் தன் ஊரைச் சொல்கிறாள், தந்தை பட்டர்பிரானைச் சொல்கிறாள், அதன் பிறகே கோதை என்ற தன் பெயரைச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பதிகங்கள் பலவற்றின் முடிவில் இதே அடையாளம் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மார்கழி தோறும் பாடப்படும் பாட்டின் முகவரி அது. அவளுக்கா கற்பனை இல்லை?

கச்சேரி மேடைக்கு வருவோம். ஆலத்தூர் சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சீனிவாச ஐயரும் சிவசுப்பிரமணிய ஐயரும் உடன்பிறந்தவர்கள் இல்லை. சிவசுப்பிரமணியத்தின் தந்தை ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் சீனிவாசன் பாட்டுக் கற்றார். குருவின் மகனும் குருவின் மாணவரும் ஒரே வீட்டில், ஒரே பாடாந்தரத்தில் வளர்ந்ததைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ஆலத்தூர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் அவர்கள் யாரிடம் கற்றார்கள் என்பதும் சேர்ந்து போய்விடும். நாதஸ்வரத்தில் இது இன்னும் அழுத்தம். அருணாசலம் என்று பெயர் உள்ளவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். 'காருகுறிச்சி' என்றால் தென்மாவட்டங்களில் ஒருவர்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. ஊர்ப் பெயர் தரத்துக்கு உத்தரவாதம் என்று இனிப்பு விஷயத்தில் ஒப்புக்கொள்கிற நாம், மேளத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

"தலைவர் பெயரைப் போடுவது சுயவிளம்பரம்"

நோட்டீஸைக் கையில் எடுத்து வாசியுங்கள். மேலே அம்மன் படம், 'துணை' என்ற சொல், கொடியேற்றம் முதல் நாள்வாரியாக நிகழ்ச்சிகள். இரவு நிகழ்ச்சிக்கு நேரே ஓர் ஊர், ஓர் ஆள், 'குழுவினர் வழங்கும்'. பிறகு கொட்டை எழுத்தில் 'நையாண்டி மேளம்' அல்லது 'மாபெரும் இன்னிசைக் கச்சேரி'. ஓரத்தில் உபயதாரர். இதில் ஆள் பெயருக்கு ஒரு வேலை இருக்கிறது. விழாக் கமிட்டி அட்வான்ஸைக் கொடுப்பது அவர் கையில். வேன் வராவிட்டால் போன் போவது அவருக்கு. விடிந்ததும் தவில்காரருக்கும் பம்பைக்காரருக்கும் சம்பளம் பிரித்துத் தரவேண்டியவரும் அவரே. பெயர் போட்டவர் பொறுப்பேற்றவர் என்று பொருள்.

பண்ணைப்புரத்துப் பாவலர் பிரதர்ஸையே எடுத்துக்கொள்வோம். பாவலர் என்பது மூத்தவர் வரதராஜனின் பட்டம். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடிய அண்ணனோடு பாஸ்கர், இளையராஜா, கங்கை அமரன் ஆகிய தம்பிகளும் போனார்கள். அண்ணன் மறைந்த பிறகும் தம்பிகள் அந்தப் பெயரை விடவில்லை. 1981இல் வெளிவந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்தது பாவலர் கிரியேஷன்ஸ். வளர்த்தவருக்கு வாழ்நாளெல்லாம் செலுத்திய நன்றியை விளம்பரம் என்று எப்படிச் சொல்வது?

'பணம்' (1952) படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்று பெயர் சேர்ந்து வந்தபோது, வயதில் மூத்த ராமமூர்த்தியின் பெயர் இரண்டாவதாக நின்றது. பெயரை இணைத்தவர், படத்தை இயக்கிய கலைவாணர் என்று திரையுலகில் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். தன்னைவிட இளையவரை முன்னால் விட்டு மூத்தவர் பின்னால் நின்ற அந்த ஏற்பாடு 1965 வரை நிலைத்தது.

ஆண்டாள் கோயிலுக்குள் போனால் இன்னொரு பெயர் இருக்கிறது: அரையர். தலையில் கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாகப் பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும் அந்தச் சேவை, தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய தலங்களில் இன்றும் நடக்கிறது. அங்கே ஆளின் சொந்தப் பெயரைவிடப் பரம்பரைப் பொறுப்பின் பெயர்தான் முன்னால் நிற்கும்.

"வெளிநாட்டில் இப்படி வைக்க மாட்டார்கள்"

வைத்தார்கள். பீட்டில்ஸ் ஆவதற்கு முன்னால் ஜான் லெனன் தொடங்கிய குழுவுக்குப் பெயர் குவாரிமென். லிவர்பூலில் அவர் படித்த குவாரி பேங்க் பள்ளியின் பெயரிலிருந்து வந்தது அது. அமெரிக்காவில் பாஸ்டன் என்றே ஒரு குழு உண்டு. சிகாகோ என்ற குழு முன்பு அந்த நகரப் போக்குவரத்து நிறுவனத்தின் முழுப் பெயரையே வைத்துக்கொண்டிருந்தது. நிறுவனம் ஆட்சேபித்ததும் நகரின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. சந்தானா, வான் ஹேலன் இரண்டும் குழுவை நடத்தியவர்களின் குடும்பப் பெயர்கள்.

நம் இளைஞர்கள் கொண்டாடும் கேரளத்துத் 'தைக்குடம் பிரிட்ஜ்' எங்கிருந்து வந்தது? கொச்சியில் தைக்குடம் என்ற இடத்தில் உள்ள பாலத்திலிருந்து. '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தாவின் குழுதான் அது. ஆங்கில எழுத்தில் வந்தால் புதுமை, தமிழ் நோட்டீஸில் வந்தால் பழமை என்பது நியாயமான அளவுகோல் ஆகாது.

"நம் பெயர்களில் கொள்கை கிடையாது"

1910இல் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய நாடக சபையின் பெயர் சமரச சன்மார்க்க நாடக சபை. பாட்டே உயிராக இருந்த அந்த நாடகக் காலத்தில், வள்ளலாரின் சமரச சன்மார்க்கத்தைத் தன் குழுவுக்குப் பெயராகச் சூட்டினார் அவர். திண்டுக்கல்லில் பெண்கள் பறையை எடுத்து அடித்தபோது குழுவுக்குச் 'சக்தி' என்று பெயர் வைத்தார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் பெயரை அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்தது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இவ்வளவு துணிவான பெயர்கள் நம்மிடமே இருக்கின்றன.

எதிர்த்தரப்பின் பேச்சில் ஒன்றை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். 'குழுவினர்' என்ற ஒரே சொல்லுக்குள் பலர் காணாமல் போகிறார்கள். விடிய விடிய தவில் அடித்தவர், பம்பை கட்டியவர், உறுமி இழுத்தவர் பெயர்கள் எந்த நோட்டீஸிலும் வருவதில்லை. பத்து ரூபாய் நன்கொடை தந்தவர் பெயரைக்கூட விடாமல் அச்சிடும் கமிட்டிகள் இதற்கும் இரண்டு வரி ஒதுக்கலாம். தலைவர்களும் அதை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டு வாங்க வேண்டும்.

இன்று ராஜபாளையத்தில் கிட்டாரும் உறுமியும் வைத்துக்கொண்டு மாடியில் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விரும்பிய பெயரை வையுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஊர்ப் பெயர் முன்னால் நின்றால் மட்டம் என்ற கூச்சத்தால் அதை வெட்டாதீர்கள். நீங்கள் நன்றாக வாசித்தால் அந்தப் பெருமை ஊருக்கும் சேரும், தவறினால் ஊரே உங்களைக் கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒழுங்காகச் சாதகம் செய்தவர்கள்தான் இந்த மண்ணின் பெரிய வித்வான்கள்.