விசைப்பலகைக்கு ஒரு மணி நேரம்

புதுவைப் பெரிய மார்க்கெட்டின் மீன்கடைகளைக் கடக்கும்போதெல்லாம் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் நம் நினைவுக்கு வரும். 1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கிற்று. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலையுயரக் குறிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே தமிழில் ஒலித்தது. எழுத்தறியாதவரும் கேட்டுக் கடலுக்குப் போவதா, கரையில் நிற்பதா என்று முடிவு செய்யலாயிற்று. ஒலிபெருக்கி என்ன புதுமைக் கருவியா?

பள்ளி வகுப்பறைக்கு வந்த கணிப்பொறியின் கதை வேறு. 1984-இல் மைய அரசின் 'கிளாஸ்' திட்டம் பிபிசி மைக்ரோ பொறிகளைப் பள்ளிகளுக்குத் தந்தது. அவை ஆங்கிலத்தில் இயங்கின. அன்று வேறு வழியில்லை. 1999-இல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. இன்று கைப்பேசியிலும் அது உண்டு. ஆயினும் நம் முதலாண்டு மாணவரை ஒரு பத்தி தட்டச்சிடச் சொன்னால், 'அம்மா'வையும் ஆங்கில எழுத்தில் அடித்தே தமிழாக்குகின்றனர். பள்ளியில் எவரும் கற்பிக்கவில்லையாம்.

பெருந்திரைகள் வாங்கும் பள்ளிகள், வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்கலாகாதா? செலவு ஏதுமில்லை. தமிழாசிரியராகிய நாம் முதலில் கற்க வேண்டும். நம்மில் பலர் மலருக்குக் கையெழுத்துப் படியே தருகிறோம். இக்கட்டுரையும் அவ்வாறே அச்சகம் சென்றது.