இரவல் பாஷை

தைவானுக்கென்று தனியாக இலக்கியம் ஏது என்று கேட்கிற மேதாவிகள் இருக்கிறார்கள். ஜப்பானியர் ஆண்டபோது ஜப்பானிய பாஷையில் எழுதினார்கள், அது ஜப்பானிய இலக்கியத்தின் வால். அப்புறம் சீனத்தில் எழுதினார்கள், அது சீன இலக்கியத்தின் கிளை. மிச்சம் என்ன இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தர்க்கம் போலத்தான் தோன்றுகிறது. எனக்கு என்னவோ, வீட்டைக் கொளுத்திவிட்டு உனக்கு வீடு ஏது என்று கேட்பதாகப் படுகிறது.

1895 முதல் 1945 வரை அந்தத் தீவு ஜப்பானின் கையில் இருந்தது. 1937-ல் பத்திரிகைகளின் சீனப் பகுதிகள் நிறுத்தப்பட்டன. எழுத விரும்பினவன் ஜப்பானியத்தில் எழுதினான். பள்ளிக்கூடத்தில் படித்ததும் அதுதான். யுத்தம் முடிந்து சீனத் தேசியக் கட்சியின் சர்க்கார் வந்தது. வந்து ஒரே வருஷத்தில், 1946 அக்டோபர் 25-ல், பத்திரிகைகளில் ஜப்பானியம் கூடாது என்றது. பத்து வருஷத்துக்குள் இரண்டு வாய்ப்பூட்டு!

"இரண்டாவது வந்தது சொந்த பாஷை அல்லவா?" என்பார்கள். யாருக்குச் சொந்தம்? வீடுகளில் பெரும்பாலோர் பேசியது ஹோக்கியன், சிலர் ஹக்கா, பழங்குடிகளின் பாஷைகளுக்கோ சீனத்தோடு உறவே கிடையாது. சர்க்கார் கொண்டுவந்தது மாண்டரின். பள்ளியில் தாய்மொழி பேசிய குழந்தைக்கு அபராதம் போட்டார்கள்; கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்தார்கள். சொந்த பாஷையைச் சொல்லிக்கொடுக்க அட்டை எதற்கு என்று இந்த மேதாவிகள்தான் சொல்லவேண்டும்.

வூ ஜுவோலியூ என்ற நாவலாசிரியர் ஹக்கா வகுப்பினர். 1943 முதல் 1945 வரை ஜப்பானிய அதிகாரிகளுக்குத் தெரியாமல், ஜப்பானிய பாஷையிலேயே ஒரு நாவல் எழுதினார். 'ஆசியாவின் அநாதை' என்பது அதற்குப் பின்னால் நிலைத்த பெயர். கதாநாயகனை ஜப்பானியர் இளக்காரமாக நடத்துகிறார்கள். சீனாவுக்குப் போனால் ஒற்றனோ என்று சந்தேகிக்கிறார்கள். கடைசியில் புத்தி பேதலித்துவிடுகிறது. டோக்கியோவில் பிறந்த எவன் எழுதியிருப்பான் இந்தக் கதையை? பீகிங்கில் பிறந்தவன்தான் எழுதியிருப்பானா?

1946-ல் தடை வந்தபோது வூவுக்கு வயது 46. எனக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். நாளை முதல் வேறு பாஷையில் எழுது என்றால் பேனாவை மூடிவைப்பதைத் தவிர எனக்கு வழி தெரியாது. அவருக்குப் பழைய பாணியில் சீனக் கவிதை எழுத வரும். நாவல் எழுத வந்த பாஷை ஜப்பானியம். ஆனாலும் பேனாவை மூடவில்லை. 1964-ல் 'தைவான் இலக்கியம்' என்று பத்திரிகை தொடங்கினார். பெயரில் 'தைவான்' வேண்டாம் என்று அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அவர் கேட்கவில்லை.

இன்று எதிர்க்கோடிக்குப் போய், மாண்டரினில் எழுதுகிறவன் தைவான்காரனே அல்ல என்போரும் உண்டு. அதுவும் அந்த அட்டைதான், கழுத்துதான் வேறு. 2019-ல் ஹோக்கியன், ஹக்கா, பழங்குடி பாஷைகள் எல்லாம் தேசிய பாஷைகள் என்று சட்டம் வந்தது. நல்ல காரியம். அதற்காக ஜோங் ஜாவோஜெங்கை எந்தக் கணக்கில் எழுதுவது? 1925-ல் பிறந்த இந்த ஹக்காக்காரர் ஜப்பானியத்தில் படித்து, இருபது வயதுக்குமேல் மாண்டரினைக் கற்று, அதிலே நாவல் நாவலாக எழுதினவர்.

வூ தம் கடைசி நூலை 1970-களில் மறுபடியும் ஜப்பானியத்திலேதான் எழுதினார். 1947-ல் சர்க்கார் நடத்திய படுகொலையும் அதில் வருகிறது. அப்போது ராணுவச் சட்டம். 1987 வரை அது நீங்கவில்லை. கடைசிப் பகுதியைத் தாம் இறந்து பத்து, இருபது வருஷம் கழித்துத்தான் வெளியிடவேண்டும் என்று சொல்லிவிட்டு, 1976-ல் காலமானார். அந்த நூலைச் சீனத்தில் மொழிபெயர்த்தவர் ஜோங்.