காசு எங்கட காசு, சட்டம் ஆற்ற சட்டம்?



உங்கட சம்பளச் சீட்டை ஒருக்கா எடுத்துப் பாருங்கோ. கழிவுகளின் பட்டியலில் 'ஆர்.ஆர்.கியூ.' என்று ஒரு வரி இருக்கும். கியூபெக் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிற காசு அது. அதை முதலீடு செய்வது, 1965இல் சட்டம் போட்டு உருவாக்கிய 'கெய்ஸ் து தெப்போ' என்ற நிறுவனம். மொன்றியலில் ஓடுகிற ரெம் ரயிலில் பெரும் பங்கு வைத்திருப்பதும் இதே கெய்ஸ்தான். அப்படியெண்டால் பார்க் எக்ஸில் உணவகச் சமையலறையில் நிற்கிற அண்ணையும், சென்-லோரானில் இரவு வேலை செய்கிற அம்மாவும் அந்த ரயிலின் சிறு துண்டு ஒன்றுக்குச் சொந்தக்காரர்.

ஆனால் அந்த ரயில் எந்தப் பாதையில் போகும், அதற்கு நகரம் எவ்வளவு கட்டும், அதனால் எந்த பஸ் நிற்கும் என்பதை யார் தீர்மானிக்கிறது? அண்ணையும் இல்லை, அம்மாவும் இல்லை. அவை வாக்குப் போட்ட மாநகரசபைக்கும் அதில் பெரிய பேச்சு இல்லை. ஏன் எண்டு விளங்க வேண்டுமென்றால் சட்டத்தைப் பார்க்க வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். பொதுக் காசில் கட்டியதால் மட்டும் ஒரு ரயில் பொது ரயில் ஆகிவிடாது. அதை நடத்துகிறவர்களிடம் கேள்வி கேட்கவும் பதில் வாங்கவும் மக்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால்தான் அது பொது ரயில்.

ரெம்மின் கதை 2015 ஜூனில், குயார் அரசு நிறைவேற்றிய 38ஆம் இலக்கச் சட்டமூலத்தோடு தொடங்குகிறது. கெய்ஸ் காசு போடுவதோடு நிற்காமல் போக்குவரத்துத் திட்டங்களைத் தானே வரைந்து, கட்டி, நடத்தலாம் என்று அது வழி திறந்தது. கெய்ஸுக்குச் சட்டம் விதித்திருக்கிற கடமை, காசு வைத்தவர்களுக்கு உகந்த லாபம் தேடுவதும் கியூபெக்கின் பொருளாதார வளர்ச்சிக்கு உதவுவதும். அந்தக் கடமையில் 'பயணி' என்ற சொல்லே இல்லை. லாபம் தேடச் சொல்லி உருவாக்கிய நிறுவனத்திடம் ரயிலைக் கொடுத்தால் அது ரயிலையும் ஒரு முதலீடாகத்தான் பார்க்கும். அதில் கெய்ஸின் பிழை ஒன்றும் இல்லை, அது தன் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறது. பிழை அந்தச் சட்டத்தை எழுதியவர்களுடையது.

2016 ஏப்ரலில் திட்டம் அறிவிக்கப்பட்டது. 67 கிலோமீட்டர், 5.5 பில்லியன் டொலர் என்றார்கள். செலவு பிறகு 8 பில்லியனைத் தாண்டியது. 2017 ஜனவரியில் மாகாணத்தின் சுற்றுச்சூழல் பொது விசாரணை அமைப்பான பாப், முக்கியமான தகவல்கள் போதவில்லை, அனுமதி கொடுக்க இது நேரமில்லை என்று அறிக்கை கொடுத்தது. அரசு நிற்கவில்லை. அதே வருசம் செப்டெம்பரில் ரெம்முக்கென்றே 137ஆம் இலக்கச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. நில எடுப்பு வேகமானது. நிலையங்களுக்குப் பக்கத்தில் எழும்பும் புதுக் கட்டடங்களுக்குக் கட்டணம் வந்தது. பிராந்தியப் போக்குவரத்து அதிகார சபையான ஏ.ஆர்.டி.எம். கெய்ஸோடு நீண்டகால ஒப்பந்தத்துக்குள் போனது.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போனால் அதிகார சபை கெய்ஸின் ரயிலுக்கு 72 சென்ட் கட்ட வேண்டும். விலைவாசி ஏற அதுவும் ஏறும். 15 கிலோமீட்டர் பயணம் என்றால் 10 டொலர் 80 சென்ட். நாங்கள் ஓப்பஸ் கார்ட்டைத் தட்டும்போது கொடுப்பது அதில் ஒரு பகுதிதான். மிச்சம் மாநகரசபைகளின் வரியிலிருந்தும் மாகாணத்தின் காசிலிருந்தும் வருகிறது. பஸ்ஸுக்கும் மெற்றோவுக்கும் காசு வருவதும் இதே பையிலிருந்துதான்.

ரெம்மோடு போட்டி போடுகிற பஸ்கள் ஓடக்கூடாது என்பதும் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. அதனால்தான் 2023 கோடையில் தென்கரைப் பாதை திறந்தபோது, முந்தி ஷாம்ப்ளேன் பாலத்தால் நேரே நகரத்துக்கு வந்த பஸ்கள் ரெம் நிலையங்களோடு நிறுத்தப்பட்டன.

மலைக்குக் கீழே போகிற சுரங்கமும் அப்படித்தான். 1918இலிருந்து ரயில் ஓடிய சுரங்கம் அது. 2014இல் பொதுப் போக்குவரத்து அமைப்பு அதை வாங்கியது, 2018இல் அது ரெம்முக்குக் கைமாறியது. புறநகர் ரயில்களிலேயே அதிகம் பேர் ஏறிய தூ-மொந்தாஞ் பாதை 2020 முடிவில் முழுதாக நின்றது. அந்தச் சனங்களுக்கு ரெம் வந்தது 2025 நவம்பரில். இனி வேறு எந்த ரயிலும் அந்தச் சுரங்கத்துக்குள் போக முடியாது. மஸ்கூஷ் ரயிலும் அந்தச் சுரங்கத்தை இழந்தது.

இதற்கு ஒரு பதில் வரும். "ரயில் வந்துதானே? மின்சார ரயில், அடிக்கடி ஓடுது. லாபமும் எங்கட பென்ஷனுக்குத்தானே போகுது?" நியாயமான கேள்விதான். ரயில் வந்தது நல்லது. ஆனால் அந்த லாபம் வானத்திலிருந்து விழவில்லை, பஸ்ஸையும் மெற்றோவையும் ஓட்ட வேண்டிய அதே பொதுக் காசிலிருந்து வருகிறது. அதோடு, பென்ஷன் எல்லாருக்கும் ஒரே அளவில் வராது. கையில காசு வாங்கி வேலை செய்கிற எங்கட ஆட்களை எத்தினை பேரை உங்களுக்குத் தெரியும்? அவைக்கு ஆர்.ஆர்.கியூ. கழிவும் இல்லை, பென்ஷனும் இல்லை. ஆனால் பஸ் நின்றால் குளிரில் முதலில் நிற்பது அவைதான்.

சட்டத்தில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் என்ன செய்யும் என்பதற்கு இதே நகரத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது. சி.என். ரயில்வே 1995இல் தனியார்மயமானது. அதற்கான சட்டம் தலைமையகம் மொன்றியலில்தான் இருக்க வேண்டும் என்று எழுதியது. பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. அமெரிக்காவில் அம்ட்ராக்குக்கு அந்த முன்னுரிமை 1973இலேயே சட்டத்தில் இருக்கிறது. இங்கே வியா ரயில் தான் ஓடும் தண்டவாளத்தில் ஏறத்தாழ 3 வீதத்துக்குத்தான் சொந்தக்காரர். மிச்சத்தில் பெரும்பகுதி சி.என்.னுடையது. அதனால் சரக்கு ரயில் போகும் வரை சனம் பெட்டிக்குள் காத்திருக்கும். வியாவுக்கென்று தனிச் சட்டமும் இல்லை, அமைச்சரவை உத்தரவில் பிறந்த நிறுவனம் அது. 1990 ஜனவரியில் முல்ரோனி அரசு வியாவின் சேவைகளில் ஏறத்தாழ பாதியை வெட்டியபோது நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புத் தேவைப்படவில்லை.

அப்ப எல்லாத்தையும் அரசாங்கத்தின் கையில் கொடுத்தால் சரியா? எங்கட வீடுகளில் கேட்டுப் பாருங்கோ. இலங்கையில் ரயில் முழுக்க முழுக்க அரச திணைக்களம். 1990இல் போருக்குள் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. திரும்ப வந்தது 2014 அக்டோபரில். இடையில் 24 வருசம். அந்தத் திணைக்களத்திடம் கேள்வி கேட்க வடக்குச் சனத்துக்கு எந்த வழியும் இருக்கவில்லை. அரசு சொந்தக்காரராக இருப்பது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ரயிலை நம்பி வாழ்கிற சனத்துக்கு அதன் நிர்வாகத்தில் இடம் வேண்டும் என்று நாங்கள் சொல்வது புத்தகம் படித்து மட்டும் வந்ததில்லை.

இதை இப்ப ஏன் பேச வேண்டும்? ரொறன்ரோவிலிருந்து கியூபெக் நகரம் வரை ஆல்ட்டோ என்ற அதிவேக ரயில் வருமென்று 2025 பெப்ரவரியில் அறிவித்தார்கள். வடிவமைத்து, கட்டி, நடத்தத் தெரிவான கூட்டமைப்பின் பெயர் காடன்ஸ். அதில் அட்கின்ஸ்ரியாலிஸ் இருக்கிறது, எயார் கனடா இருக்கிறது, கெய்ஸின் கட்டுமானக் கிளையும் இருக்கிறது. மலைச் சுரங்கத்தை ரெம்முக்கென்று எடுத்தது அதே கிளைதான். இப்போது அதிவேக ரயில் நகர மையத்துக்கு வர வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. அந்த வழிக்கும் நாங்கள்தான் காசு கட்டுவோம்.

ஆல்ட்டோவுக்கான சட்டத்தைத் தனியாக விவாதிக்க வைக்கவில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டை நிறைவேற்றும் சி-15 என்ற தடித்த சட்டமூலத்துக்குள் அதையும் சேர்த்துவிட்டார்கள். நில எடுப்பை வேகப்படுத்துவதுதான் அதன் முக்கிய வேலை. 1969இல் மிராபெல் விமான நிலையத்துக்கென்று மத்திய அரசு ஏறத்தாழ 97,000 ஏக்கர் எடுத்தது. 2004இல் அங்கே பயணிகள் விமானம் நின்றது. காணி இழந்த விவசாயக் குடும்பங்கள் இன்னும் அதை மறக்கவில்லை. காணி பறிபோன கதை எங்கட ஆட்களுக்கும் புதிதில்லை.

ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரயில் வேணும், இன்னும் கன ரயில் வேணும். அதோடு இந்த நான்கும் சட்டத்தில் எழுதப்பட வேணும்:

ஒன்று, ரயிலை நடத்துவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தாக முதல் முழுதாக வெளிவர வேண்டும். இரண்டு, மற்றப் பொதுப் போக்குவரத்தை நிறுத்துகிற போட்டித் தடை எந்த ஒப்பந்தத்திலும் இருக்கக்கூடாது. மூன்று, நிர்வாக சபையில் பயணிகளும் தொழிலாளர்களும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். நான்கு, எந்தத் தண்டவாளத்திலும் பயணிகள் ரயிலுக்கே முன்னுரிமை.

இது பெரிய ஆட்களின் விசயம், எங்களுக்கு விளங்காது என்று விடாதேங்கோ. 2020 டிசம்பரில் கெய்ஸ் கிழக்கு மொன்றியலுக்கு இன்னொரு ரெம் அறிவித்தது. அக்கம்பக்கத்துச் சனம் வரைபடத்தை விரித்துவைத்துக் கேள்வி கேட்டது, கட்டடக் கலைஞர்கள் கேட்டார்கள், அதிகார சபையும் குறை சொன்னது. 2022 மேயில் கெய்ஸ் விலக வேண்டி வந்தது. கேள்வி கேட்கச் சட்டம் இடம் விடாத இடத்திலும் சனம் கேட்டது, பதிலும் வந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சி-15இன் ரயில் பகுதியை அச்சடித்துக் கொண்டு வாங்கோ. ஆங்கிலமோ பிரெஞ்சோ, உங்களுக்கு எது சுகமோ அது. சேர்ந்து வாசிப்பம். அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொல்லக்கூடிய அளவுக்கு விளங்கும் வரை வாசிப்பம். காசு அவையின்ர காசுதானே.