பதக்கமும் கண்ணியமும்



புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்தவர் சாந்தி சவுந்தரராஜன். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையில் தேறவில்லையென்று அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பெண்ணென்றே வளர்ந்தவரின் உடலமைப்பு நாடெங்கும் பேச்சாயிற்று. 2012-ல் அவர் மீண்டும் சூளையில் கூலி வேலை செய்தார். 2016-லேதான் தமிழக அரசு நிரந்தரப் பயிற்சியாளர் பணி தந்தது.

அதே தோகாவில் தொடரோட்டத் தங்கம் வென்ற நால்வருள் ஒருவர், நம் வங்கத்துப் புருலியாவின் பிங்கி பிராமாணிக். கிழக்கு ரயில்வே ஊழியர். 2012-ல் அவரை ஆணென்று கூறி, பாலியல் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். 2014-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவ்வழக்கை ரத்துச் செய்தது.

இவ்விருவரும் திருநங்கையர் அல்லர். பிறப்பில் குறித்த பாலினின்று மாறி வாழ்வோரே திருநங்கையர், திருநம்பியர். இயற்கையில் உடலமைப்பு சிலர்க்குச் சற்று வேறுபட்டிருத்தல் தனிச் செய்தி. ஊர்வாயோ இரண்டையும் ஒன்றாக்கி இருசாராரையும் இழித்துரைக்கிறது.

போட்டியில் நியாயம் வேண்டும், அதை மறுப்பாரில்லை. ஒடிசாவின் தூதி சந்த் வழக்காடியதால் 2015-ல் விளையாட்டு நடுவர் மன்றம் ஒரு விதியை நிறுத்தி வைத்தது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சம்மேளனம் மகளிர் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளது. விதி எதுவாயினும், அதன் முடிவு அப்பெண்ணுக்கும் மருத்துவருக்கும் இடையே நிற்க வேண்டும், சந்தைக்கு வரலாகாது.

நம் பெண்மக்கள் மைதானத்தில் ஓடட்டும். அவர்தம் தோளையும் குரலையும் அளந்து பேசும் நாவை நம் இல்லங்களிலேனும் அடக்குவோமாக.