ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரவே கூடாது!

‘‘ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்காக நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். போர் தண்ணீர் உப்பு. கழிவறை பேசினில் படிந்த மஞ்சள் கறை எதற்கும் போகவில்லை. ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துப் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா? செப்டிக் டேங்க் கெட்டுப்போகுமா?’’

- வாசகி, ஸ்ரீபெரும்புதூர் வட்டம்.

‘‘வேண்டவே வேண்டாம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915-ம் ஆண்டு படைவீரர்களைக் கொல்ல ஏவிவிட்ட வாயு இதுதான். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தங்கும். சின்ன கழிவறைக்குள் குனிந்து தேய்ப்பவரின் மூச்சில்தான் நேராக ஏறும்.

உங்கள் வீட்டுக் கறை அழுக்கல்ல. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு உப்பு. சொட்டுநீர்க் குழாயில் அடைக்கிறதே, அதே உப்புதான். அதைக் கரைப்பது ஆசிட் மட்டுமே. ஹார்பிக் போன்ற கடைத் திரவங்களில் சுமார் 10 சதவிகிதம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் இருக்கிறது. சரிந்த பேசினில் வழிந்துவிடாமல் ஒட்டி நிற்பதற்காகத்தான் அதைக் கெட்டியாகத் தயாரிக்கிறார்கள். ஊற்றியதும் தேய்க்காமல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, நிறைய தண்ணீர் ஊற்றுங்கள். பழைய கறை இரண்டு, மூன்று தடவையில் போகும். சிமென்ட் தரை, மொசைக், ஸ்டீல் குழாய் மீது ஆசிட் பட்டால் அரித்துவிடும்.

பிளீச்சிங் பவுடரின் வேலை வேறு. அது கிருமியைக் கொல்லும், உப்பைக் கரைக்காது. சொட்டுநீர்க் குழாய்க்கும் ஆசிட் சிகிச்சை, குளோரின் சிகிச்சை இரண்டையும் தனித்தனியாகத்தானே செய்கிறோம்? கழிவறைக்கும் அதே விதிதான். ஒன்றை ஒரு நாள் போட்டால், மற்றதை வேறொரு நாள் போடுங்கள். தவறிக் கலந்து மூக்கு எரிந்தால், கழுவிவிட நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

செப்டிக் டேங்கில் கழிவை மட்கச் செய்வது பாக்டீரியாக்கள். வாரம் ஒருமுறை அளவாக ஊற்றும் திரவம் தண்ணீரில் நீர்த்துப்போகும். வாளிக் கணக்கில் ஊற்றினால் பாக்டீரியா செத்து, தொட்டி சீக்கிரம் நிரம்பும். தினசரிக்கு சோப்புத் தூளும் பிரஷ்ஷும் போதும்.

தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். ஆளை மட்டும் இறக்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். உள்ளே தேங்கியிருக்கும் விஷவாயு, இறங்கியவரையும் காப்பாற்றப் போனவரையும் சேர்த்தே கொல்லும்.’’